தட்டிய கூலி

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில், சென்ற பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒருநாள், மெல்லிய நெற்கோடு ஒன்று நீண்டு கிடந்தது. புறாக்களும் கோழிகளும் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. பாடசாலை விட்டுச் சைக்கிளில் வந்த நாம் விளையாட்டாக அக்கோட்டைத் தொடர்ந்து போனோம். அது எமது மாமாவின் வாசலிற் போய் முடிந்தது. அவருடைய பழைய மொறிஸ் மைனர் பிக்கப்பின் பின்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் கறளேறிய விளிம்பு மூடையைக் கிழித்துவிட, கரடியனாற்று வயலிலிருந்து வீடுவரை நெல் ஒழுகி வந்திருக்கிறது. மாமா ஒன்றும் பேசாமல் ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் பட்ட இடமும் அப்பளம்போல நொறுங்கியது.

அந்த வண்டி எம்மிலும் மிக மூத்தது. இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் குடும்பத்தில், 1953 முதல் சிறு வானும் பிக்கப்பும் சேர்ந்துகொண்டன. காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே எலும்புக்கூடாகவும் நின்று பாரம் தாங்கும். பிக்கப்போ தனிச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டது. ஆகையால் பின்பெட்டி முழுதும் உக்கிப்போனாலும் வண்டி செத்துப்போவதில்லை. பெட்டியைக் கழற்றிப் புதிதாகச் செய்து பூட்டலாம். தொடக்கத்தில் வந்த பிக்கப்புகள் ஐந்து அந்தர் பாரத்துக்கென அமைந்தவை. எமது ஊரில் அந்தக் கணக்கை எவரும் மதித்ததாகத் தெரியவில்லை.

மாமாவின் தகப்பனார் அதை 1970களில் பழைய வண்டியாகவே வாங்கினார். அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதிக் கதவு சாத்தப்பட்டிருந்த காலம் அது. 1977 இன் பின் கதவு திறந்தது. திறந்த கதவால் வந்தவற்றை வாங்கும் பணம் அவரிடம் இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலில் தென்னையொன்று விழுந்து பெட்டியின் இடப்பக்கத்தை நசுக்கிற்று. யுத்த காலத்தில் அதே பெட்டியில் நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஆசுபத்திரிக்குப் போயினர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தபோது, வரியையும் விலையையும் கேட்டு மாமா சிரித்தார். ஆகவே பழையதைத் திருத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று; அடுத்த போகத்துச் சோறு.

செல்வம் மிக்க நாடுகளிலே இத்தகைய வண்டி வைத்திருப்போர் புதிய தகடுகளைத் தபாலில் தருவித்துப் பூட்டி, கண்காட்சிக்குக் கொண்டுபோகின்றனர். அவர்கள் பூட்டிய பாகங்களிற் சில இலங்கைக் கைகளாற் செய்யப்பட்டவை என்பதைப் பலர் அறியார். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ள்ஸ் வெயர் என்பாரும் நம் நாட்டவரான தனபால சமரசேகரவும் கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையிற் செய்வித்து, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே அனுப்பினர். வேலை தெரிந்த கைகளுக்கு இந்நாட்டில் என்றும் பஞ்சமில்லை. அவற்றுக்கு உரிய மதிப்புத்தான் பஞ்சம். இதை நாம் புத்தகத்திற் கற்கவில்லை; வெட்கத்தோடு கற்றோம்.

எஞ்சிய அறுவடைக்கு ஓட்டையின்மேற் பலகை போட்டுச் சமாளித்த மாமா, ஏப்ரல் விடுமுறையில் எம்மையும் அழைத்துக்கொண்டு சந்திக்கு அணித்தான ஒரு கராச்சுக்குப் போனார். அங்கே ஒரு லொறியின் அடியிலிருந்து எழுந்து வந்த இளைஞனைக் கண்டதும் எமக்கு நா எழவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தரத்தில் எம்மிடம் தமிழ் படித்தவன். தவணைப் பரீட்சை விடைத்தாளின் ஓரத்தில் சைக்கிட் சங்கிலியும் பற்சில்லும் வரைந்திருந்தான். அத்தாளை வகுப்பிலே தூக்கிக் காட்டி, "நீ கராச்சுக்குப் போகத்தான் லாயக்கு" என்றோம். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தனர். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. நாம் தேடிப் போகவுமில்லை.

"என்னைத் தெரியுதா சேர்?" என்று அவனே கேட்டான். பிறகு, "நீங்க சொன்ன இடத்துக்குத்தான் வந்திருக்கன்" என்று சிரித்தான். அச்சிரிப்பிற் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றுமுதல் ஆறு நாள் நாம் அந்தக் கராச்சின் மூலையிலே ஒரு ரயர்மேல் அமர்ந்திருந்தோம். முதலில் அவன் சிறு சுத்தியலால் பெட்டி முழுவதையும் தட்டிக் கேட்டான். நல்ல இரும்பு கணீரென்றது. உக்கியது மந்தமாக முனகியது. வாவிக் காற்றின் உப்பும், உரப்பையும், கருவாட்டுப் பெட்டியும் மேலிருந்து தின்றதைவிட, இரண்டு தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் இடுக்கிற் சேற்றோடு தங்கிய ஈரம் தின்றதே அதிகம் என்று காட்டினான். கறளுக்கு மேலே ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்காது. நல்ல இரும்பு காணும் வரைக்கும் வெட்டினான். வெட்ட வெட்ட மாமாவின் முகம் சுருங்கியது.

இடப்பக்கத் தகட்டைப் புயலின் பின் யாரோ அவசரத்தில் அடித்திருந்தனர். ஆகையால் தொழிற்சாலையில் வந்தபடியே இருந்த வலப்பக்கத்துக்குச் சீமெந்துப் பைக் கடதாசி பிடித்து அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு இடப்பக்கத்துக்குக் கோடிட்டான். தரைக்குப் பதினாறாம் கேஜ், பக்கத்துக்குப் பதினெட்டாம் கேஜ். தகட்டுக்கு விறைப்புத் தருவன அதிலுள்ள புடைப்பு வரிகள். அவை அழகுக்கு அல்ல. முதிரைப் பலகையிற் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டைக் கிடத்தி, மழுங்கிய உளியால் விரற்கடை விரற்கடையாக அடித்து ஒவ்வொரு வரியையும் இறக்கினான். நீண்ட மடிப்புக்குரிய இயந்திரம் அங்கில்லை. தகட்டைக் கட்டிக்கொண்டு ஏறாவூரில் ஒரு முஸ்லிம் நானாவின் பட்டறைக்குப் போனோம். 1990 இன் கொடுமைகளை இரண்டு ஊர்களும் மறந்துவிடவில்லை. ஆயினும் நானா மடிப்பின் கோணத்தைப் பார்த்தார். தம்பி நானாவின் கையைப் பார்த்தான். இருவரும் ஒரே சொல்லில் வேலையை முடித்தனர்.

ஐந்தாம் நாள் தகடு சட்டத்தில் ஏறியது. விட்டு விட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து ஒட்டியும், சூட்டினால் தகட்டின் நடுப்பகுதி உப்பிக்கொண்டது. அழுத்தினால் உள்ளே போகும். விட்டால் "டொக்" என்று வெளியே வரும். வேலை கெட்டது என்றே நினைத்தோம். அவன் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடியும்வரை அதையே பார்த்திருந்தான். பின்னர் உப்பிய இடத்தில் ஒரு காசளவை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சி, பின்புறம் இரும்புக் கட்டையை அணைகொடுத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரச் சாக்கால் ஒற்றினான். நீண்டுபோன இரும்பு சுருங்கியது. ஏழெட்டு இடங்களில் அப்படிச் செய்ததும் தகடு இழுத்துக் கட்டிய பறைபோல நின்றது.

சங்கப் பாடல்களில் வரும் கொல்லனின் உலையையும் துருத்தியையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் விளக்குபவர் நாம். இரும்பு காய்ந்தால் நீளும், தட்டிக் குளிர்வித்தால் குறுகும் என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டோம். இனி அவரை 'அவன்' என்றெழுத எமது பேனா கூசுகிறது.

கூலி பேசும் நேரம் வந்தது. "தகட்டுக்குத்தான் காசு குடுத்திட்டமே, தட்டுறதுக்கும் இவ்வளவா மகன்?" என்றார் மாமா. மாமா கொடியவரல்லர். நெல்லை விற்கும்போது இதே கேள்வியை வியாபாரி அவரிடம் கேட்பான். மண்ணுக்கும் மழைக்கும் விலையில்லையே, விளைவித்ததற்கு இவ்வளவா என்பான். இதைத்தான் நாம் மாமாவிடம் சொன்னோம். மேலும் சொன்னோம்: "எமக்குப் பாடம் சரியாக வராத நாளிலும் சம்பளம் வருகிறது, முதுமைக்கு ஓய்வூதியம் உண்டு. இவருடைய கண்ணுக்குத் தீப்பொறி பட்டால் நாளையே உலையில் அரிசி இல்லை." மாமா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்ட தொகையைக் குறையாமல் எண்ணி வைத்தார்.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்திராவிட்டால் நாம் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கமாட்டோம். அந்த நன்றியோடுதான் இதையும் கேட்கிறோம். 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஊர்த் தொழில்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, தொழில்முன்னிலைப் பாடங்கள் என்று வைத்தது. 1977 இன் ஆட்சி மாற்றத்தோடு அவை கைவிடப்பட்டன. அவற்றிற் குறைகள் இருந்தன. ஏழைப் பிள்ளையை ஏழைத் தொழிலிலேயே கட்டிப்போடும் சூழ்ச்சி என்று பெற்றோர் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. 2013 இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு வந்தது. ஆனால் பாடத்திட்டம் எத்தனை முறை மாறினும், "கராச்சுக்குப் போ" என்பதை வசையாகச் சொல்லும் ஆசிரியனின் நாக்கு மாறாதவரை என்ன பயன்? தொழிலாளர் மேன்மையைக் கட்டுரையில் எழுதிவிட்டு வகுப்பில் அவர்தம் பிள்ளையை இழிவுசெய்தவர் நாமே. இதில் அரசைக் குற்றஞ்சாட்டித் தப்ப வழியில்லை.

கடைசி நாள், கறள் பிடியாதிருக்கச் சிவப்புப் பூச்சு அடிக்கும் முன், எட்டு ஆண்டுகளாக நெஞ்சிற் கிடந்ததை எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் பின்கதவைச் சட்டத்தோடு பொருத்திக்கொண்டிருந்தார்.

"அதை விடுங்க சேர். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

பிடித்தோம். பாரமாகத்தான் இருந்தது.

இரண்டாந் தவணையில் எமது பத்தாம் தர மாணவரை இரண்டு குழுவாக அந்தக் கராச்சுக்கு அழைத்துச் சென்றோம். ஒரு தகடு உருவாகும் வகையை, கண்டபடி, ஒரு பக்கத்தில் எழுதி வரச் சொன்னோம். ஒரு சிறுமி எழுந்து, "சேர், உக்கிறதும் கறள் பிடிக்கிறதும் ஒண்டா?" என்று கேட்டாள். தமிழ்ப் பட்டதாரியான எமக்கு விடை உடனே வரவில்லை. தகடு வெட்டிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை அருகே வரும்படி அழைத்தார்.