ஏரி வண்டலில் ஒரு காசு



லண்டனில் தேம்ஸ் நதி வடிந்திருக்கும் நேரம் பார்த்து மெட்டல் டிடெக்டரோடு கரைச் சேற்றில் இறங்குகிறவர், துறைமுக ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 300 ஆண்டுக்கு மேல் பழமையான பொருள் கிடைத்தால் அருங்காட்சியகத்தில் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கும் இப்படியோர் ஏற்பாடு தேவை என்பதே என் வாதம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. கோடையில் நம் ஏரிகளில் பொக்லைன் இறங்கி, வண்டல் டிராக்டர் டிராக்டராக வயலுக்குப் போகிறது. காஞ்சியைச் சுற்றிப் புழங்கிய பழங்காசு ஏதும் அதில் கிடந்தால், அதுவும் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேரும்.

கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களுக்கு ரோமானியக் காசும், மாக்கோதை என்ற பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசும் கிடைத்தன. சேரர் வரலாற்றுக்கு அவை பெரிய சான்று. ஆனால் ஆற்றுக்காசுகள் பெரும்பாலும் வியாபாரி கைமாறியே ஆய்வாளரிடம் வந்ததால், எந்த இடத்தில், எதோடு சேர்ந்து கிடந்தன என்ற குறிப்பு தொலைந்துவிட்டது. கைக்கு வந்த காசிலும் தகவல் தொலையலாம். சோழ மன்னன் ராஜராஜனின் செப்புக்காசில் ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் பெயர். பச்சைக் களிம்பேறிய அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

காசை எடுத்தவர் அதை அரசிடம் காட்டாமல் ஏன் மறைக்கிறார்? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை. அரசே எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். செப்புக்காசின் உலோகத்துக்கு என்ன விலை வரும்? வியாபாரி அதைவிடப் பல மடங்கு கொடுப்பார். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் புதையலுக்குச் சந்தை மதிப்பு வரை பரிசு தர வழிசெய்கிறது. அதனால் மறைப்பதில் அங்கே லாபம் குறைவு.

ஏரியில் மெட்டல் டிடெக்டர் கருவியை அனுமதித்தால் திருடருக்குக் கதவு திறந்ததாகாதா என்பார்கள். கருவி இப்போதே கடையில் கிடைக்கிறது; திருடர் நம் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மண்ணடுக்கு கலைந்துவிடுமே என்ற தொல்லியலாளரின் கவலை இதைவிடக் கனமானது. கோயில் நிலத்திலும், காஞ்சி மாவட்டத்துப் பெருங்கற்கால ஈமக்காடுகளிலும், பழைய ஏரிக்கரையிலும் கருவியே கூடாது என்பேன். ஏரி வண்டல் அப்படியல்ல. வெள்ளம் அடித்து வந்து படிந்தது, எப்படியும் பொக்லைன் அள்ளப்போவது. மதகுக்கும் கலங்கலுக்கும் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், கருவி கூவும் இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்தால் இழப்பு குறைவு, தகவல் மிச்சம். தொழிற்சாலைப் பகுதியில் போல்ட்டும் ஆணியும் பாட்டில் மூடியுமே பத்துக்கு ஒன்பது முறை வரலாம். வரட்டும், ஏரியும் சுத்தமாகும்.

ஆகவே காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் என் வேண்டுகோள்: அடுத்த முறை தூர்வார உத்தரவு போடும்போது, பொக்லைனுக்கு முன்னால் ஒரு தொல்லியல் அலுவலரையும், பயிற்சி பெற்ற ஊர் இளைஞர் நாலு பேரையும் ஏரிக்குள் இறக்குங்கள். காசைக் கொண்டுவந்து காட்டுகிறவருக்குச் சந்தை விலையைக் கொடுங்கள்.