மூன்று தலைமுறையின் குறிப்பேடு

வெள்ளத்தையும் வரட்சியையும் மனிதர் எளிதில் மறப்பதில்லை. குளக்கட்டு உடைத்த ஆண்டை வைத்தே பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும் முதியோர் எம்மிடையே உளர். ஆனால், கண்ணுக்குப் புலப்படாது சிறிது சிறிதாக நிகழும் மாற்றம் எவர் நினைவிலும் தங்குவதில்லை. காலநிலை மாற்றம் இத்தன்மையது. அது நன்னீர் ஏரிகளையும் அங்கு வாழும் உயிர்களையும் வருத்தும் விதத்தைச் சிந்திக்குந்தோறும் என் மனத்தில் எழுவது சைபீரியாவின் பைக்கால் ஏரியும் அதனை அளந்த ஒரு குடும்பமுமேயாகும்.

பைக்கால் ஏறத்தாழ 25 மில்லியன் ஆண்டு வயதுடையது. 1,600 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. உலகின் மேற்பரப்பில் உறையாதிருக்கும் நன்னீரில் ஐந்திலொரு பங்கு அங்கேயே உளது. இத்துணைப் பெரிய நீர்நிலையும் வெப்பமுறும் என எவர் எண்ணுவர்? 1940களின் நடுப்பகுதியில் இர்க்குட்ஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிகைல் கோசோவ் அதன் வெப்பநிலையையும் தெளிவையும் நுண்ணுயிர்களையும் ஒழுங்காகக் குறித்துவரத் தொடங்கினார். கடுங்குளிரிலும் பனிக்கட்டியில் துளையிட்டு அளவைகள் எடுக்கப்பட்டன. அவருக்குப் பின் மகள் ஓல்காவும், பின்னர் பேத்தி லியுபோவும் அப்பணியைத் தொடர்ந்தனர். அறுபது ஆண்டுக் குறிப்புகள் ஆராயப்பட்டு 2008இல் முடிவுகள் வெளிவந்தபோது, 1946 முதல் மேற்பரப்பு நீர் 1.21 பாகை செல்சியஸ் வெப்பமுற்றமை உலகிற்குத் தெரியவந்தது.

ஒரு பாகைதானே என நாம் அமைதல் கூடும். ஏரியின் உயிர்களுக்கோ அது சிறிதன்று. பைக்காலின் தெளிந்த பனிக்கட்டியினூடாக ஒளி புகுவதால், அதன் அடியிலேயே வசந்த காலத்திற் பாசிகள் செழிக்கின்றன. அவற்றை உண்டு வாழ்வது குளிர்நீரை விரும்பும் எபிசூரா என்னும், இறாலுக்கு உறவான நுண்ணுயிர். அதனை மீன்கள் உண்ணும். மீன்களை நெர்ப்பா என்னும் கடல்நாய் உண்ணும். நன்னீரிலன்றி வேறெங்கும் வாழாத கடல்நாய் இனம் இதுவொன்றே. நெர்ப்பா தன் குட்டியைப் பனிக்கட்டியின்மேல் அமைந்த பனிவளையில் ஈன்று பாலூட்டுகிறது. கடந்த நூற்றாண்டில் ஏரி உறைந்திருக்கும் காலம் இரு வாரங்களுக்கும் மேலாகக் குறுகிவிட்டது. பனிக்கட்டி முந்தி உருகுமாயின் வளை சரியும். பால் மறவாத குட்டி தாயைப் பிரியும். மறுபுறம், வெதுநீரை விரும்பும் வேறு நுண்ணுயிர்கள் ஏரியிற் பன்மடங்கு பெருகியுள்ளன. சங்கிலியின் அடிக்கண்ணி மாறினால் நுனிக்கண்ணியும் அசையுமன்றோ? கரையோரக் கழிவுநீரும் சேர்ந்து இத்துன்பத்தை மிகுவிக்கின்றது.

வன்னியில் ஒரு சிறு குளத்தின் அயலில் வளர்ந்தவன் யான். எங்கள் குளத்திற்குப் பனிக்கட்டியும் இல்லை, நெர்ப்பாவும் இல்லை. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் உண்டு. விராலும் ஆமையும் உண்டு. எனினும், பறவைகள் எம்மாதத்தில் வந்தன, மாரிக்கு முன் நீர்மட்டம் எங்கு நின்றது, நண்பகலில் நீர் எவ்வளவு சுட்டது என்பவற்றை எங்களூரில் எழுதிவைத்தவர் எவருமிலர். "முந்தி இப்படி இல்லை" என்பார் பெரியோர். அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு மாறிற்று, எப்போது மாறிற்று என்று வினவினால் விடை கூற ஒரு தாளேனும் எம்மிடம் இல்லை. குளத்தில் ஓருயிர் அருகி மறைந்தால், அது மறைந்ததென்பதற்கும் சான்றிராது.

குறிப்பேடு நீரைக் குளிர்விக்காது என்பது மெய்யே. நிலக்கரியும் பெற்றோலியமும் எரித்து வளியை வெப்பமாக்கும் வழக்கத்தை உலகம் கைவிட்டாலன்றி ஏரிகளுக்கு உய்வில்லை. ஆயினும், கோசோவ் குடும்பத்தின் பொறுமை இன்றேல் பைக்காலின் துன்பத்தை இத்துணைத் தெளிவாக உலகம் அறிந்திராது. எமது பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர் பலர் ஏதோவொரு குளத்தின் அயலிலிருந்தே வந்தவர்கள். ஒரு வெப்பமானி, ஓர் அளவுகோல், ஒரு கொப்பி, கிழமைக்கு ஒரு நாள்: இவ்வளவே தொடங்குவதற்குத் தேவை. தொடங்குபவர் அதன் பயனைக் காணாது போகலாம். கோசோவும் கண்டாரல்லர், பேத்தியின் காலத்திலேயே அது விளங்கிற்று.