டீம் இல்லாத ஊருக்கும் ஹாக்கி உண்டு!

விருத்தாசலத்தில் பஸ் ஏறி மங்கலம்பேட்டையில் இறங்குங்க ஃப்ரெண்ட்ஸ். திண்டுக்கல், திருப்பூர், சேலத்துக்கெல்லாம் டி.என்.பி.எல். கிரிக்கெட் டீம் வந்தாச்சு. நம்ம கடலூர் மாவட்டத்துக்கு இல்லை. ஹாக்கியிலோ மாநிலத்துக்கே ஒரே ஆண்கள் டீம், தமிழ்நாடு டிராகன்ஸ். 2024-25 ஹாக்கி இந்தியா லீக் நடந்ததும் ரூர்கேலா, ராஞ்சியில்தான்!

அப்போ சின்ன ஊர்ப் பசங்க டி.வி.யில் பார்த்தே காலம் தள்ளணுமா?

கோவில்பட்டியைப் பாருங்க. அந்த ஊர்ப் பேரில் லீக் டீம் கிடையாது. ஆனா செயற்கைப் புல்தரை இருக்கு, அரசுப் பயிற்சி மையம் இருக்கு. விருத்தாசலத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வர்ற அரியலூர்தான் கார்த்தி செல்வத்துக்குச் சொந்த ஊர். கோவில்பட்டியில் பயிற்சி எடுத்தவர், 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச இந்திய டீமில் ஆடினார்.

கோடி ரூபாய் டீம் வரும்போது வரட்டும். மங்கலம்பேட்டைப் பசங்களுக்கு முதல்ல பக்கத்திலேயே ஒரு புல்தரை வேணும். உங்க ஊர்ல இருக்கா?