கார்னர் மனையில் வீடு கட்டப் போகிறீர்களா?

முடிச்சூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றி எங்கே மனை பார்த்தாலும் கார்னர் மனைக்குத் தனி விலை. வடகிழக்கு மூலை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கம் தெரு, காற்று, வெளிச்சம். கூடுதல் விலை நியாயம்தான்.

ஆனால் மழைக்காலத்தில் தண்ணீரும் இரண்டு தெருவிலிருந்து வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அதனால் யார் பிளானைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது பேஸ்மென்ட் உயரத்தைத்தான். இரண்டு தெருவில் எது மேடோ, அதிலிருந்து அளக்க வேண்டும். தெரு மட்டம் உயர்ந்துகொண்டே போகாமல் இருக்க, பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். இருந்தாலும் வருங்காலத்துக்கும் சேர்த்து உயரம் வையுங்கள். சம்ப் மூடி தாழ்வாக இருந்தால், தெருத் தண்ணீர் நேராகக் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

மேற்கு வெயில் படும் பக்கம் படிக்கட்டும் பாத்ரூமும் வரட்டும். கடல் காற்று வரும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பெரிய ஜன்னல் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏழடி காம்பவுண்ட் சுவரை முனைவரை இழுத்துக் கட்டினால், சைக்கிளில் திரும்பும் பள்ளிப் பிள்ளை எதிரே வரும் வேன்காரர் கண்ணில் படாது. முனையைச் சாய்வாக வெட்டி, சுவரைத் தாழ்த்திக் கட்டுங்கள். கேட்டின் சாய்தளத்தையும் தெருவில் இறக்காதீர்கள்.