நேரோட்டமா, வளைவோட்டமா?

பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்திலே, வேப்பமர நிழலில், பழைய நிஸான் சனி வண்டியொன்று நிற்கின்றது. ‘டொக்டர் சனி’ என்று நம் நாட்டார் செல்லமாக அழைக்கும் எஃப்.பி. 13 வகையைச் சேர்ந்தது அது. அதனை வாங்கியவர் என் தங்கையின் கணவர். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது அவ்வண்டி நான்கு கற்களின் மேல் ஏறி ஓய்வெடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே, முப்பது வயதைத் தாண்டிய இந்தக் கிழட்டு வண்டியும் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சொத்தாகவே இருந்து வருகின்றது.

வண்டி இப்போது என் மருமகனுக்கு உரியது. தங்கையின் கடைசிப் பிள்ளை, வயது இருபத்தைந்து. நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை பார்க்கின்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, என்னட்டை மூன்று லட்சம் சேர்ந்திருக்கு. ரெண்டு வேலையும் செய்யக் காசு காணாது. வண்டியை நேர் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வமோ, வளைவுக்குச் செய்வமோ? நீங்கள்தான் சொல்ல வேணும்.”

நான் மோட்டார்த் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவன். என் தகப்பனார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஆங்கிலேயரிடம் தொழில் பழகியவர். 1957இல் அவர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின், பாலையூற்றிலே ஒரு சிறிய கராஜை அமைத்தார். அவருக்குப்பின் நான் அதனை நடத்தினேன். ஆதலால் மருமகன் என்னைக் கேட்டதில் வியப்பில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகின்றேன்.

நேரோட்டம் என்பது இதுதான்: இரண்டு வண்டிகள் அசையாமல் அருகருகே நிற்கும், விளக்கு எரிந்ததும் பாய்ந்து புறப்படும், கால் மைல், அதாவது 402 மீற்றர் தூரத்தை முதலில் கடந்த வண்டி வென்றது. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. சவாரித் திடலும் நேரானதே. வளைவோட்டமோ வேறு வகை. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தனித்து, வளைந்து ஏறும் பாதையில் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. அங்கே பாய்ச்சல் மட்டும் போதாது; பிறேக் பிடிக்கவும், திரும்பவும், மறுபடி பாயவும் வல்ல வண்டியே முன்னுக்கு வரும்.

ஒரே வண்டியை இரண்டுக்கும் ஏன் ஆயத்தம் செய்ய இயலாது? மாணவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. அநுராதபுரச் சந்தியில் நீங்கள் பஸ் ஏறுகின்றீர்கள். பஸ் சட்டெனப் புறப்பட்டதும் பின்னே சாய்கின்றீர்கள். நின்றதும் முன்னே விழப் பார்க்கின்றீர்கள். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் ஒதுக்கப்படுகின்றீர்கள். உங்கள் உடலுக்கு நேர்வதே வண்டியின் பாரத்துக்கும் நேர்கின்றது. புறப்படும்போது பாரம் பின் சில்லுகளின்மேல் இறங்குகின்றது. வளைவிலே வெளிப்பக்கச் சில்லுகளின்மேல் இறங்குகின்றது. பாரம் இறங்கிய சில்லு தரையை இறுகப் பற்றும். பாரம் நீங்கிய சில்லு வழுக்கும்.

டொக்டர் சனியை இழுப்பவை முன் சில்லுகள். பாய்ந்து புறப்படும்போது பாரம் பின்னே போய்விட, இழுக்கவேண்டிய முன் சில்லுகள் வீணே சுழல்கின்றன. ஆகவே நேரோட்டக்காரர் என்ன செய்வார்? வண்டி பின்னே அமிழாதிருக்கப் பின் ஸ்பிறிங்கைக் கடினமாக்குவார். முன்னே மெதுவான ரயரைப் போட்டுக் காற்றைக் குறைப்பார். பின்னே ஒடுங்கிய ரயரைப் போட்டுக் காற்றை ஏற்றுவார். பின் ஆசனத்தைக் கழற்றி எறிவார். அவ்வண்டி 402 மீற்றரை விரைவில் கடக்கும் என்பது மெய்யே. ஆனால் மழை நாளில் ஒரு வளைவுக்குள் அது வேகமாக நுழைந்து, ஓட்டுபவர் பயந்து காலை எடுத்தால், பிடிப்பில்லாத பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு சுற்றி வரும்.

வளைவோட்டக்காரர் செய்வது வேறு. வண்டியைத் தாழ்த்துவார், நான்கு ஸ்பிறிங்கையும் இறுக்குவார், ஷொக் அப்சோபரை மாற்றுவார், முன் சில்லுகளின் தலையைச் சற்று உள்ளே சாய்த்து வைப்பார், அகன்ற ரயர் போடுவார். இது வண்டிக்கு நல்ல ஒழுக்கத்தைத் தரும். ஆனால் இதிலும் அளவு உண்டு. பந்தயத்துக்கென்றே செய்த பிறேக் கட்டைகள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகையில் அவை உதவா. மிகவும் இறுகிய ஸ்பிறிங், குழி விழுந்த தெருவில் சில்லைத் துள்ள வைக்கும். துள்ளும் சில்லு அந்தரத்தில் நிற்கும் சில்லு. அதற்குப் பிடிப்பு ஏது? மேலும், ஐப்பசி முதல் தை வரை நம் கிழக்குக் கரையில் வாடைக்காற்று மழையைக் கொட்டுகின்றது. வரி குறைந்த பந்தய ரயர் அந்நாளில் நீரின்மேல் மிதக்கும் தோணிக்கு ஒப்பாகும்.

ரயரின் பிடிப்பை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சில்லிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தச் சிறு வருமானத்தைக் கொண்டே வண்டி பாயவும், நிற்கவும், திரும்பவும் வேண்டும். முழுவதையும் பிறேக்கிலே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒரு சதமும் மிஞ்சாது. கடன் கொடுப்பார் அங்கே எவரும் இல்லை.

இன்னுமொரு கணக்கையும் சொல்லிவிடுகின்றேன். 50 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவிலே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் திரும்புவதற்கு, வண்டியின் எடையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பக்கப்பிடிப்பு வேண்டும். அதே வளைவில் 80 கிலோமீற்றர் எனில், வண்டியின் முழு எடைக்கு ஒப்பான பிடிப்பு வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது; தேவையோ ஏறத்தாழ 1.8 மடங்காகிவிட்டது. சாதாரண ரயர் உலர்ந்த தெருவிலேகூட அவ்வளவு பிடிப்பைத் தராது. ஈரத் தெருவைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே தெருவில் படித்துவிட்டேன்.

1981ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்துமூன்று. தகப்பனாரின் கராஜிலே ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40 கிடந்தது. நானும் என் தோழனும் அதனை நேரோட்டத்துக்கென ஆயத்தம் செய்தோம். அதனைத் தள்ளுபவை பின் சில்லுகள். ஆகவே முன்பக்கத்தை உயர்த்தி, முன்னே ஒடுங்கிய ரயர் போட்டுக் காற்றை ஏற்றினோம். விடியற்காலையில் ஆளில்லாத தெருவில் அது பாயும் பாய்ச்சலைக் கண்டு நாங்களே மயங்கினோம். பொதுத் தெருவில் பந்தயம் ஓடுவது குற்றமென்பது எங்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் செய்தோம்.

மார்கழி மாதம் ஒரு மாலை, தூறல் மழையிலே, கண்டி வீதியில் ஒரு வளைவுக்குள் நுழைந்தேன். வேகமானி ஐம்பது மைலைக் காட்டிற்று. ஸ்ரியறிங்கைத் திருப்பினேன், அது இலேசாகத் திரும்பிற்று, வண்டி திரும்பவில்லை. நேரே போவதற்கென்று நாங்கள் செய்த வண்டி, நாங்கள் செய்தபடியே நேரே போயிற்று. பள்ளத்துள் விழுந்தோம். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். பக்கத்திலிருந்த தோழனுக்கு வலது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. பட்டணத்திலே பெயர் பெற்ற உதைபந்தாட்டக்காரன் அவன். அதன்பின் அவன் பந்தைத் தொடவேயில்லை.

என் தகப்பனார் என்மீது கோபங்கொள்வார் என்று, அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு கதை கட்டினான்: பாலைப்பழம் பறிக்க ஏறி மரத்தால் விழுந்தானாம். வண்டி சறுக்கியபோது நான் தனியே இருந்தேனாம். சில ஆண்டுகளின்பின் அவனே என் தங்கையை மணந்தான். இறக்கும் நாள்வரை காலை இழுத்து இழுத்தே நடந்தான். பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் பாலைமரத்துக் கதையையே கூறினான். நானும் பக்கத்திலிருந்து தலையசைத்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலையசைத்தேன்.

இப்போது அவனுடைய மகன், அவனுடைய வண்டியைக் காட்டி, நேரோட்டமா வளைவோட்டமா என்று என்னைக் கேட்கின்றான். ஸ்பிறிங்கையும் ரயரையும் பற்றி மட்டும் பதில் கூறி நான் தப்பியிருக்கலாம். மூன்றாம் நாள் மாலை அவனை வேப்பமரத்தடியில் இருத்தி நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்பா ஒரு நாளும் உங்களை நொந்து கதைக்கேல்லை, மாமா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அடுக்களை வாசலில் நின்ற தங்கை சொன்னாள்: “அண்ணை, எனக்கு அது எப்பவோ தெரியும். மார்கழியிலை ஆர் பாலைப்பழம் பிடுங்கினவை? கார் பள்ளத்துக்குள்ளை விழுந்த அன்றைக்கே அவரும் மரத்தாலை விழுந்தாராம்! நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தனான்.”

பாலைமரத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலே பிறந்தும், அம்மரம் எந்தக் காலத்தில் பழுக்கும் என்பதை எண்ணாமல் நாங்கள் பொய் சொல்லியிருக்கின்றோம்.

அதன்பின் மூவருமாக இருந்து கணக்குப் பார்த்தோம். என் தீர்ப்பை இங்கே வாசகர்களுக்கும் தருகின்றேன். தெருவில் ஓடும் வண்டிக்கு நேரோட்ட ஆயத்தம் கூடவே கூடாது. அது 402 மீற்றருக்கு மட்டும் நன்மை செய்து, எஞ்சிய வழி முழுவதும் தீமை செய்வது. வளைவோட்டத்தின் பக்கமாகச் செல்லலாம். ஆனால் பாதி வழியில் நின்றுவிட வேண்டும். திரும்பும் ஆற்றலும் நிற்கும் ஆற்றலும் தெருவுக்கும் வேண்டியவை. பந்தயக் கடினம் வேண்டாதது. ஆகவே நான்கு நல்ல மழைக்கால ரயர், புதிய ஷொக் அப்சோபர், தேய்ந்த றப்பர்ப் புஷ்கள், பிறேக் குழாய்களும் கட்டைகளும், பின் ஆசனத்துக்கும் பாதுகாப்புப் பட்டி என்று பட்டியல் போட்டோம். பின் ஆசனம் அதன் இடத்திலேயே இருக்கும். தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதே வண்டிதானே?

வேக ஆசையை நான் பழிக்கவில்லை. அதற்கென்று இடங்கள் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்திலும், நம் நாட்டில் கட்டுக்குருந்தையிலும், யுத்தகால விமான ஓடுபாதைகளே பந்தயத் திடல்களாயின. தலைக்கவசம், இரும்புக் கூண்டு, கொடி காட்டும் நடுவர், காத்து நிற்கும் வைத்தியர் என்ற ஏற்பாடுகளோடு ஓடுவது விளையாட்டு. அங்கும் ஆபத்து இல்லாமற் போவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ்ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில், ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். ஏற்பாடுகள் செய்த திடலிலேயே இவ்வாறு நேருமாயின், பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் தெருவைப்பற்றி என்ன சொல்வது?

மூன்று இலட்சத்தில் சிறிது மிஞ்சியது. அதில் மருமகன் ஒரு நல்ல தலைக்கவசம் வாங்கப் போவதாகச் சொன்னான். வருகின்ற வசந்தகாலத்தில் மகாகஸ்தொட்டப் போட்டியைப் பார்ப்பதற்கு மாமாவும் மருமகனுமாக நுவரெலியா செல்வதென்று முடிவு. முதலில் பார்க்கட்டும், பின் ஒரு கழகத்தில் சேர்ந்து முறைப்படி பழகட்டும். ஓடித்தான் தீருவேன் என்றால், அதற்கென்று வேறொரு வண்டியை நானே கட்டித் தருவேன்.

சென்ற வாரம் புதிய ரயர்களுடன் வண்டியை வெளியே எடுத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மருமகன் ஓட்டினான்; தங்கை பின்னே அமர்ந்திருந்தாள். கண்டி வீதியில் அந்த வளைவு வந்தது. “மாமா, இதுதானோ இடம்?” என்றான். “ஓம்” என்றேன். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, மெல்லத் திருப்பினான். வண்டி திரும்பிற்று.