வேடர் ஊரில் பறவைகள்

வேடர்கள் தங்கிய இடம் என்பதே வேடந்தாங்கல் என்னும் பெயரின் பொருள் என்பார்கள். அத்தகைய பெயர் பூண்ட ஊர் பட்சிகளுக்குத் தாய்வீடாக விளங்குவது விந்தையல்லவா?

சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்குச் சமீபத்தில் இவ்வூர் இருக்கிறது. ஏரியின் பரப்பு 30 ஹெக்டேர்தான். சென்ற தை மாதம் மாணவர்களுடன் நாம் அங்கே போயிருந்தபோது, நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இலைகளைக் காணோம்; பறவைகளையே கண்டோம். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று எத்தனை வகை! பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்தகம் வருவதுபோல, ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் இவை வந்து சேருகின்றன. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்து, கோடையில் நீர் வற்றத் தொடங்கியதும் விடைபெறுகின்றன.

இவற்றை முதலில் காத்தது சட்டமல்ல, ஊர்க் குடியானவர்களே. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். குடியானவர்கள் வாளாவிருக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கௌல் பெற்றார்கள். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு எதிராக ஏழைக் குடிகள் அடைந்த வெற்றி இது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலில் பாயும்போது நல்ல எருவாகவும் ஆகிறது. தர்மமும் லாபமும் ஒரே வாய்க்காலில் ஓடுவது உலகில் அபூர்வம்!

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் கரைமீது நின்றால், நாரைகள் கூட்டங் கூட்டமாக வெளியே பறந்து செல்வதைக் காணலாம். கூடு இங்கே, ஆகாரம் வேறிடத்தில். சுற்றிலுமுள்ள ஏரிகள், குட்டைகள், நெல்வயல்கள் ஆகியவற்றில் அகப்படும் மீனும் நத்தையும் தவளையுமே குஞ்சுகளை வளர்க்கின்றன. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் நியாயம் இதுவே. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை. 2022-ல் ராம்சார் ஒப்பந்தப்படி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையென்ற கௌரவமும் வேடந்தாங்கலுக்குக் கிடைத்தது.

கௌரவம் நல்லதுதான். எனினும், தொட்டிலைக் காப்பாற்றிவிட்டு அடுக்களையை இடித்தால் குழந்தை பிழைக்குமா? அன்று ஆபத்து வெடிச் சத்தத்தோடு வந்தது, ஊரார் விழித்துக்கொண்டார்கள். இன்று வயல் மனையாகும்போதும் குட்டை தூர்ந்துபோகும்போதும் சத்தமே கேட்பதில்லை. ஆகையால் நாம் அதிகமாக விழித்திருக்க வேண்டும்.