கால் சுற்று

பரவையில் திண்டுக்கல் சாலையை ஒட்டிய ஒரு பட்டறை. என் பழைய மாருதி 800இன் இடது முன்சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டாகிவிட்டது. ஆக்ஸில் நட்டை முழுப் பலத்தோடு முறுக்கிய மெக்கானிக், பிறகு கால் சுற்று பின்னால் தளர்த்தி, காடிக்கு நேராக ஸ்பிளிட் பின்னைச் செருகினார்.

“எதுக்குண்ணே லூஸ் பண்றீங்க?”

“மூச்சு விட எடம் வேணும்ல சார்.”

இந்த வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். கவிதையில் இறுக்கம் பற்றி நாங்கள் வருஷக்கணக்காகப் பேசிச் சேர்த்ததெல்லாம் இதற்கு முன் வெறும் சொற்களாகத் தோன்றின. அவர் செய்தது தவறு என்று எனக்குத் தெரியும். மாருதியின் கையேட்டை ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் தொழில் படித்தது லாரிகளில். லாரியின் முன்சக்கரத்தில் கூம்பு உருளை பேரிங்குகள். இறுக்கிய நட்டைச் சற்றுத் தளர்த்தாவிட்டால் உருளைகள் சூடேறிக் கெட்டுவிடும். அங்கே அவர் சொன்னது முழுக்கச் சரி. 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800இல் என்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களை. ஆக்ஸில் தண்டு ஹப்பின் நடுவே நுழைந்து வெளியே வருகிறது. அதன் நுனியிலுள்ள நட்டு தண்டையும் ஹப்பையும் பேரிங்கின் உள்வளையத்தையும் ஒன்றாகக் கவ்வ வேண்டும். சுழல வேண்டிய இடைவெளியைத் தருவது நட்டின் வேலையல்ல; அது பேரிங் அமைப்பிலேயே இருக்கிறது. காடி நேர்படவில்லையா, இன்னும் இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும். இத்தகைய சிறு கார்களில் கேட்கப்படும் முறுக்கம் பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 15 முதல் 25 கிலோ தொங்கவிட்டது மாதிரி. கை இதை ஊகிக்கலாம், அளக்க முடியாது.

மூன்றாம் வாரம், சமயநல்லூர் தாண்டியதும் சக்கரத்திலிருந்து ஒரு முனகல். வேகத்தோடு அதுவும் ஏறியது. மறுநாள் கழற்றிய பேரிங்கை மெக்கானிக் விரலால் சுற்றிப் பார்த்தார். கரகரத்தது.

“லாரியில இப்பிடி ஆனதில்லையே சார்.”

அப்போதுதான் கையேட்டைப் பையிலிருந்து எடுத்தேன். முதல் நாளே ஏன் காட்டவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். வண்டியைத் தரையில் இறக்கி, நான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, அவர் முறுக்கினார். ‘டக்’கென்று சத்தம் வந்தது. அவர் கை பழக்கத்தில் பின்பக்கம் திரும்பி, நின்றது.